வீல்சேர் ஏன் பக்கத்து அறையில் தெரிகிறது? கட்டடத்துக்குள் டேக் தேடும் அமைப்பின் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

மருத்துவமனையில் வீல்சேர் எங்கே நிற்கிறது, ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில் எந்த டிராலி கிடக்கிறது, நெல் குடோனில் எந்த அட்டி (மூடை அடுக்கு) எந்த மூலையில் இருக்கிறது என்று, ரேடியோ சிக்னல் தரும் டேக் என்ற சின்ன வில்லையை ஒட்டித் தேடும் அமைப்புகளைத் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி வட்டாரத்தில் மாட்டியும் பராமரித்தும் வருகிறேன். கோளாறு என்று கூப்பிடுகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே சில அறிகுறிகளைத்தான். உங்கள் அறிகுறி எதுவோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் உதவாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்தச் சிக்னல் தரைக்கு வரும்போதே மிக மெலிந்திருக்கும். கான்கிரீட் தளம் இரண்டு குறுக்கே வந்தால் அவ்வளவுதான். அதனால்தான் உள்ளே வைஃபை, புளூடூத், யூடபிள்யூபி (மிக அகன்ற அலைவரிசை ரேடியோ), ஆர்எஃப்ஐடி (ரீடர் படிக்கும் ரேடியோ ஸ்டிக்கர்) என்று போகிறோம். இந்த நான்கிலும் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை மென்பொருளில் இருப்பதில்லை. ரிசீவர் (டேக்கின் சிக்னலைக் கேட்கும் கருவி) எங்கே மாட்டப்பட்டது, டேக் எதன்மேல் ஒட்டப்பட்டது, இடையில் என்ன நிற்கிறது என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். ஆனால் கோளாறு வந்ததும் எல்லோரும் முதலில் கை வைப்பது சிக்னலின் பலத்தைத் தூரமாக மாற்றும் ஃபார்முலாவில். அதை மாற்றி மாற்றிப் போட்டால் இன்றைக்குச் சரியாகக் காட்டும், நாளைக்கு வேறு இடத்தில் தப்பும். ஏணியும் இன்ச் டேப்பும் எடுத்துக்கொண்டு இடத்தைப் போய்ப் பாருங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது.

எந்த அறிகுறியானாலும் முதலில்: வடிகட்டாத எண்ணைப் பாருங்கள்

திரையில் தெரியும் புள்ளியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். அந்தப் புள்ளி பல கணக்குகளைக் கடந்து வந்தது. அதற்கு முன்னால் ரிசீவருக்கு வரும் எண்தான் நமக்கு வேண்டும். புளூடூத் டேக் என்றால் ஆண்ட்ராய்டு போனில் என்ஆர்எஃப் கனெக்ட் போன்ற ஓர் ஆப் போதும். ஆர்எஸ்எஸ்ஐ என்ற பெயரில் -59, -72 என்று கழித்தல் குறியோடு ஓர் எண் மாறிக்கொண்டே இருக்கும். அதுதான் சிக்னலின் பலம், அலகு டிபிஎம்; இரண்டு எண்களின் வித்தியாசத்தை டெசிபலில் சொல்வோம். பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம். -95-ஐத் தாண்டிக் கீழே போனால் பல கருவிகளுக்குப் பிடிபடாது.

பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றின்மேல் டேக்கை வையுங்கள். இரும்பு மேசை வேண்டாம். சரியாக 1 மீட்டர் தள்ளி இன்னொரு ஸ்டூலில் போனை வைத்துவிட்டு நீங்கள் விலகி நில்லுங்கள். சில நிமிடம் வரும் எண்களைக் குறித்து, ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் இருப்பதை எடுங்கள். தயாரிப்பாளர் -59 என்று சொல்லி உங்களுக்கு -66 வந்தால், அந்த 7 டெசிபல் வேறுபாடு ஒன்றே திறந்த வெளியில் தூரத்தை இரண்டு மடங்குக்கும் மேலாகக் காட்டப் போதுமானது. பேட்டரி, டேக்கின் உறை, அனுப்பும் பலத்தின் அமைப்பு ஆகிய மூன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. 2013-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஐபீக்கன் என்ற புளூடூத் டேக் வகையில், 1 மீட்டரில் எவ்வளவு பலம் இருக்கவேண்டும் என்பது டேக் அனுப்பும் செய்தியிலேயே இருக்கும். 2015-இல் கூகுள் கொண்டுவந்த எடிஸ்டோன் வகையில் அதே இடத்தில் இருப்பது 0 மீட்டருக்கான எண். இரண்டுக்கும் நடுவே 41 டெசிபல் இடைவெளி. ஒன்றின் எண்ணை மற்றதாக எடுத்துக்கொண்ட மென்பொருள், கைக்கு எட்டும் டேக்கை 100 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வைக்கும். டேக் எல்லாமே ஊருக்கு வெளியே நிற்பதுபோல் தெரிந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும்.

டேக் அசையவில்லை, புள்ளி மட்டும் தாவுகிறது

கோயில் கல் மண்டபத்தில் ஒருவர் பேசினால் குரல் தூணுக்குத் தூண் பட்டுத் திரும்பி வருகிறது அல்லவா, ரேடியோ அலையும் அப்படித்தான். நேராக வருவது ஒன்று. சுவர், தரை, இரும்புக் கட்டில், கண்ணாடி என்று பட்டு வருபவை பல. எல்லாம் ரிசீவரில் சேரும்போது சில ஒன்றையொன்று கூட்டும், சில அழிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர்தான். அதனால் டேக்கை ஒரு சாண் நகர்த்தினாலே எண் 10 டெசிபல் ஏறி இறங்கலாம். டேக்கை யாரும் தொடாவிட்டாலும், நடுவில் ஒருவர் நடந்தால் போதும்.

புளூடூத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. டேக் தன் செய்தியை 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று தடங்களில் (சேனல்களில்) மாற்றி மாற்றி அனுப்பும். ஒவ்வொரு தடத்திலும் அந்த இடத்தின் பலம் வேறாக இருக்கும். எந்தத் தடத்தில் கேட்டது என்று போன் சாதாரணமாக நமக்குச் சொல்வதில்லை. எண் இரண்டு மூன்று மட்டங்களுக்கு இடையே மாறி மாறி விழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். டேக் பழுதாகிவிட்டது என்று நினைத்து மாற்ற வேண்டாம்.

சரிசெய்ய: கடைசி 5 முதல் 10 விநாடி வரையிலான எண்களின் நடு எண்ணை எடுத்துக் கணக்குக்குக் கொடுங்கள். சராசரியைவிட இது மேல், ஏனென்றால் ஒரே ஒரு மோசமான எண் சராசரியை இழுத்துவிடும். அப்புறம் வேகத்துக்கு ஓர் எல்லை வையுங்கள். மனிதர் சாதாரணமாக விநாடிக்கு 1.2 முதல் 1.5 மீட்டர் நடப்பார். ஒரு விநாடியில் 8 மீட்டர் தாவும் புள்ளியை மென்பொருள் அப்படியே ஏற்கக் கூடாது. டேக் எத்தனை விநாடிக்கு ஒருமுறை பேசுகிறது என்பதையும் பாருங்கள். விநாடிக்கு ஒன்று என்றால் 5 விநாடியில் 5 எண்கள்தான், அதிலும் சில தொலைந்துபோகும். ஆள் கழுத்தில் தொங்கும் டேக்குக்கு 300 மில்லி விநாடி என்று குறைக்கலாம். ஆக்சிஜன் சிலிண்டரில் தொங்குவதற்கு அவ்வளவு தேவையில்லை. சிஆர்2032 பேட்டரியில் இருப்பது சுமார் 220 மில்லி ஆம்பியர் மணிதான், வேகமாகப் பேசினால் வேகமாகத் தீரும்.

இவ்வளவும் செய்த பிறகும் 2, 3 மீட்டர் ஆட்டம் இருந்தால் அது கோளாறு இல்லை. சிக்னல் பலத்தை மட்டும் அளக்கும் முறையின் எல்லை அது. இதையே 30 சென்டிமீட்டருக்குக் கொண்டுவருகிறேன் என்று யாராவது விற்க வந்தால், நேரத்தையோ கோணத்தையோ அளக்கும் கருவி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பக்கத்து அறையில் காட்டுகிறது, அல்லது மாடி மாறிக் காட்டுகிறது

அதிகம் வரும் புகார் இது. "சார், மூணாவது மாடி வீல்சேர ரெண்டாவது மாடியிலன்னு காட்டுது. ஏறி இறங்கியே காலு போகுது" என்று சிஸ்டர்கள் சொல்லும்போது அதில் இருக்கும் களைப்பு நிஜம். 2 மீட்டர் தப்பை அவர்கள் பொருட்படுத்த மாட்டார்கள். அறை தப்பினால் வேலை நின்றுவிடும்.

தூரக் கணக்கு எப்படி ஏமாற்றுகிறது என்று பாருங்கள். 1 மீட்டரில் -59 தரும் டேக் இப்போது -79 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளிக் கணக்கில் அது 10 மீட்டர். கட்டிலும் பீரோவும் தடுப்பும் நிறைந்த அறைக்கான கணக்கில் அதே எண் சுமார் 4.6 மீட்டர். எண் ஒன்றுதான், விடை இரண்டு. நீண்ட வராந்தாவிலோ, இருபக்கச் சுவரும் அலையைத் திருப்பிவிடுவதால், சிக்னல் திறந்த வெளியைவிடவும் குறைவாகத் தேயலாம். ஆகவே ஒரே ஃபார்முலாவைக் கட்டடம் முழுக்கப் போட்டால் ஏதோ ஓர் இடத்தில் தப்பத்தான் செய்யும்.

நம் பக்கத்துக் கட்டடங்களில் இது இன்னும் சிக்கல். பாளையங்கோட்டையில் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய கட்டடங்களின் சுவர் மிகத் தடிமன். சிக்னல் சுவரை ஊடுருவுவதைவிடக் கதவு, சன்னல் வழியாகத்தான் வெளியே வரும். அங்கே அறைக்குள் இருக்கும் டேக்கை, கதவுக்கு நேர் எதிரே வராந்தாவில் மாட்டிய ரிசீவர் அதிகப் பலத்தோடு கேட்கும். வண்ணார்பேட்டைப் பக்கத்துப் புதிய கட்டடங்களில் கதை நேர்மாறு. ஜிப்சம் பலகைத் தடுப்பும் சாதாரணக் கண்ணாடியும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் பெரிய தடையே இல்லை. இரண்டு அறைக்கும் ஒரே அளவு கேட்கும். சுவர் என்று வரைபடத்தில் ஒரே கோடாக வரைந்திருப்பதை நம்பி ரிசீவர் மாட்டக் கூடாது.

சரிசெய்யும் வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் ரிசீவர்கள் எங்கே மாட்டியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கரண்ட் பாயின்ட் அங்கேதான் இருக்கிறது என்பதற்காக, இரண்டு அறைக்கும் பொதுவான தடுப்பின் இருபுறமும் முதுகோடு முதுகாக மாட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே 15 சென்டிமீட்டர்கூட இருக்காது. எந்தக் கணக்காலும் அவற்றைப் பிரிக்க முடியாது. பொதுச் சுவருக்கு எதிரே இருக்கும் சுவருக்கு ஒவ்வொன்றையும் நகர்த்துங்கள். வயர் செலவு கூடும்தான். நான் பார்த்தவரை இந்த ஒரு மாற்றத்தைவிடப் பலன் தரும் மாற்றம் வேறில்லை.

அடுத்து, டேக்கின் அனுப்பும் பலத்தைக் குறையுங்கள். +4 டிபிஎம்மில் கத்திக்கொண்டிருந்தால் மூன்று அறைக்குக் கேட்கும். -12-க்கு இறக்கினால் தன் அறையில் தெளிவாகவும் அடுத்த அறையில் மங்கலாகவும் கேட்கும். பேட்டரியும் கூடுதலாக நிற்கும்.

பிறகு தூரத்தைக் கணக்கிடுவதையே விட்டுவிட்டு, எந்த ரிசீவருக்கு அதிகம் கேட்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். புது அறையின் எண் பழைய அறையைவிடக் குறைந்தது 6 டெசிபல் அதிகமாக, 10 விநாடிக்குத் தொடர்ந்து இருந்தால் மட்டும் அறை மாறியதாகக் காட்டச் சொல்லுங்கள். வாசலில் நிற்கும் வீல்சேர் உள்ளே வெளியே என்று ஆடுவது இதோடு நிற்கும்.

மாடிக் குழப்பத்துக்குத் தளத்தைவிடப் படிக்கட்டும் லிஃப்ட் குழியும் குழாய் போகும் துவாரங்களும்தான் காரணம். கம்பி நிறைந்த கான்கிரீட் ஓரளவு தடுக்கும்; இவை தடுக்காது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ரிசீவர் இருந்தால் உள்ளே தள்ளி மாட்டுங்கள். டேக்கில் காற்றழுத்த உணரி இருந்தால் நல்ல உதவி. நம் சமவெளியில் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சுமார் 8 முதல் 9 மீட்டர் ஏறியிருக்கிறோம் என்று பொருள், ஆக ஒரு மாடிக்கு 0.4 அளவு. ஆனால் மழை எதுவும் இல்லாத சாதாரண நாளிலேயே காற்றழுத்தம் காலைக்கும் மாலைக்கும் இடையே அதைவிட அதிகமாக மாறும். ஆகவே தரைத்தளத்தில் அசையாத உணரி ஒன்று வைத்து, வித்தியாசத்தை மட்டும் எடுக்கவேண்டும். ஆபரேஷன் தியேட்டருக்குள் காற்றழுத்தத்தை வேண்டுமென்றே கூட்டி வைத்திருப்பார்கள். அங்கே நுழைந்த டேக் ஒன்றிரண்டு மீட்டர் இறங்கியதாகக் காட்டினால் பயப்பட வேண்டாம்.

ஆள் திரும்பி நின்றால் இடம் மாறுகிறது

மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாகவே விழுங்கும். மார்பில் தொங்கும் டேக்குக்கும் பின்னால் இருக்கும் ரிசீவருக்கும் நடுவே அவருடைய உடலே நிற்கிறது. எண் 10 டெசிபல், சில சமயம் அதற்கு மேலும் விழும். 10 டெசிபல் விழுந்தால் திறந்த வெளிக் கணக்கில் தூரம் மூன்று மடங்குக்கும் மேலாகத் தெரியும்.

சோதிப்பது சுலபம். ஒருவரை ஒரே இடத்தில் நிற்கவைத்து நான்கு திசையும் திரும்பச் சொல்லுங்கள். எண் திசையோடு சேர்ந்து மாறினால் உறுதி. ரிசீவரை உயரத்தில், அறையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டாக வையுங்கள். எப்படித் திரும்பினாலும் ஒன்றுக்காவது டேக் தெரியும். மேல்பையில் போனுக்குப் பின்னால் டேக் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடையாள அட்டையோடு வெளியே தொங்குவதுதான் நல்லது.

மாட்டியபோது சரியாக இருந்தது, சில மாதத்தில் கெட்டுவிட்டது

வைஃபை வழியாக இடம் காணும் அமைப்புகள் பலவும் தடப்பதிவு முறையில் வேலை செய்கின்றன. கட்டடம் முழுக்க நடந்து, ஒவ்வோர் இடத்திலும் எந்த ரவுட்டர் எவ்வளவு பலத்தில் கேட்கிறது என்று முன்கூட்டியே பதிந்து வைப்பது. பிறகு வரும் எண்களை அந்தப் பதிவோடு ஒப்பிட்டு நெருங்கிய இடத்தைச் சொல்வது. 2000-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பரம்வீர் பாலும் வெங்கட பத்மநாபனும் ரேடார் என்ற பெயரில் இதைச் செய்து காட்டினார்கள், 2 முதல் 3 மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைத்தது. நல்ல முறைதான். ஆனால் பதிவு எடுத்த நாளின் கட்டடம் அப்படியே இருக்கும்வரைதான் அது நல்ல முறை.

தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் குடோன்களில் இது நன்றாகத் தெரியும். பிசான அறுவடைக்கு முன்னால் குடோன் காலியாகக் கிடக்கும்போது பதிவு எடுத்திருப்பார்கள். அறுவடை முடிந்து நெல் மூடைகள் கூரை உயரத்துக்கு அட்டி போட்ட பிறகு சிக்னலின் பாதையே வேறு. நெல்லில் இருக்கும் ஈரம் அலையைக் குறைக்கும், தகரக் கூரையும் தகரச் சுவரும் மிச்சத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பும். காலி குடோனின் பதிவை வைத்துக்கொண்டு நிறைந்த குடோனில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஜவுளிக்கடையில் தீபாவளிக்குச் சரக்கு இறங்கும்போதும் இதே நிலைதான். நிறைந்த நிலைக்கு ஒன்று, காலி நிலைக்கு ஒன்று என்று இரண்டு பதிவு வைத்துக்கொண்டு பருவத்துக்கு ஏற்றதைப் போடுங்கள். இடம் தெரிந்த, அசையாத டேக்குகள் சிலவற்றைச் சுவரில் நிரந்தரமாக ஒட்டிவையுங்கள். அவை இருக்கும் இடத்தையே மென்பொருள் தப்பாகச் சொல்ல ஆரம்பித்தால், பதிவு பழசாகிவிட்டது என்று புகார் வருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

சரக்கு மாறவில்லை, ஆனாலும் கெட்டுவிட்டதா? ரவுட்டரைப் பாருங்கள். பெரிய நிறுவன ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு அனுப்பும் பலத்தையும் தடத்தையும் தாமாகவே மாற்றும். இணையத்துக்கு அது நல்லது, தடப்பதிவுக்கு விஷம். இடம் காணப் பயன்படும் ரவுட்டர்களில் பலத்தை நிலையாக வையுங்கள். பழுதான ரவுட்டரை மாற்றினால் அதன் முகவரியும் மாறும். பழைய பதிவில் அந்த இடம் முழுக்கக் குருடாகிவிடும். நெட்வொர்க் பார்க்கும் தம்பிக்கும் டேக் பார்க்கும் ஆளுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத இடங்களில் இது திரும்பத் திரும்ப நடக்கும். இருவரும் ஒரே நோட்டில் எழுதட்டும்.

யூடபிள்யூபி போட்டும் தப்புகிறது

யூடபிள்யூபி சிக்னலின் பலத்தை நம்புவதில்லை, பயண நேரத்தை அளக்கிறது. 1 நானோ விநாடியில் அலை 30 சென்டிமீட்டர் போகும். இங்கே தப்பு எந்த விதமாக இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். அதனால் முதலில் தப்பை நன்றாகக் கவனியுங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே அளவு, ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் கூடவே காட்டுகிறது என்றால் ஆன்டெனா தாமதம் (சிக்னல் கருவிக்குள்ளேயே செலவழிக்கும் நேரம்) திருத்தப்படவில்லை. தடை இல்லாத இடத்தில் ஆங்கரையும் (நிலையாக மாட்டும் யூடபிள்யூபி ரிசீவர்) டேக்கையும் டேப் வைத்துச் சரியாக 5 மீட்டரில் நிறுத்தி, அந்த எண் வரும்வரை திருத்துங்கள். உறை மாற்றினால் மறுபடி பார்க்கவேண்டும்.

சில இடத்தில் மட்டும் கூடக் காட்டுகிறது என்றால் நேர்ப்பாதையில் ஏதோ நிற்கிறது. இரும்பு ரேக், சிலிண்டர் வரிசை, லிஃப்ட், ஆட்கள். தடை நேரத்தைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது. ஆகவே உண்மைத் தூரத்தைவிடத் தெளிவாகக் குறைத்துக் காட்டினால் தடையைத் தேடி அலையாதீர்கள். ஆங்கரின் இடம் மென்பொருளில் தப்பாகப் பதிந்திருக்கலாம், அல்லது ஆன்டெனா தாமதம் அளவுக்கு மீறித் திருத்தப்பட்டிருக்கலாம்.

புள்ளி சுவருக்கு வெளியே, கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறதா? ஆங்கர்கள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. வராந்தாவின் ஒரே சுவரில் வரிசையாக மாட்டினால், அந்தக் கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கணக்குக்குத் தெரியவே தெரியாது. இந்தச் சுவரில் ஒன்று, எதிர்ச் சுவரில் அடுத்தது என்று மாற்றி மாற்றி மாட்டுங்கள். உயரம் மட்டும் தாறுமாறாக வந்தால் எல்லா ஆங்கரும் ஒரே உயரத்தில் கூரையில் இருக்கின்றன என்று அர்த்தம். பல இடங்களில் உயரம் தேவையே இல்லை, டேக் 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக நிலையாகச் சொல்லிவிட்டு இரண்டு திசையை மட்டும் கணக்கிடச் சொல்லுங்கள்.

காலையில் சரி, மதியம் தகரக் கூரை கொதிக்கும்போது தப்பு என்றால் கடிகாரத்தைச் சந்தேகப்படுங்கள். வெப்பத்தில் அந்தக் கடிகாரத்தை ஓட்டும் படிகத்தின் வேகம் மாறும். ஒருமுறை கேட்டு ஒருமுறை பதில் வாங்கும் எளிய முறையில், இரு கருவியின் கடிகாரத்துக்கும் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) வேறுபாடு இருந்து, பதில் தர 1 மில்லி விநாடி ஆனால், பிழை 10 நானோ விநாடி. அதாவது 3 மீட்டர். இருபுறமும் கேட்டுப் பதில் வாங்கும் இரட்டை முறைக்கு மாற்றினால் இதில் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆங்கர்கள் தங்கள் கடிகாரத்தை ஒன்றாக ஓட்டி, நேர வித்தியாசத்தால் இடம் காணும் அமைப்பில் கரண்ட் போய் வந்தால் எல்லாமே சிதறும். தலைமை ஆங்கரையும் அதன் நெட்வொர்க் சுவிட்சையும் கண்டிப்பாக யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

டேக்கே தெரியவில்லை, அல்லது தாமதமாகத் தெரிகிறது

போனை ரிசீவராகப் பயன்படுத்தும் அமைப்பில் முக்கால்வாசி காரணம் போன்தான். ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் திறந்திருக்கும் ஆப்கூட 2 நிமிடத்தில் 4 முறைக்கு மேல் வைஃபை தேட முடியாது. பின்னணியில் இருந்தால் இன்னும் மோசம். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு சோதனைக்காக இதை டெவலப்பர் அமைப்பில் நிறுத்தலாம், ஆனால் வாடிக்கையாளர் போனில் அதை எதிர்பார்க்க முடியாது. ஐபோனில் சுற்றியுள்ள ரவுட்டர்களின் பலத்தைச் சாதாரண ஆப்புக்குக் காட்டுவதே இல்லை. லொகேஷன் அனுமதி, பேட்டரி சேமிப்பு இரண்டையும் பாருங்கள்.

கடைக்கு வந்தவர்களை அவர்கள் போனின் வைஃபை முகவரியால் எண்ணும் அமைப்பில், நூறு பேர் வந்தால் முந்நூறு என்று காட்டுவது கோளாறு இல்லை. போன்கள் இப்போது முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுகின்றன. மக்களைக் கேட்காமல் பின்தொடரக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதைச் சுற்றிப்போக வழி கேட்கும் அண்ணாச்சிகளிடம் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். ஆள் எண்ணவேண்டும் என்றால் வாசலில் எண்ணும் உணரி வைத்தால் போதும்.

ஆர்எஃப்ஐடி கேட் சிலதை விடுகிறது, சிலதை வேண்டாமலே படிக்கிறது

சாதாரண ஸ்டிக்கர் டேக்கை இரும்பில் நேரடியாக ஒட்டினால் படிக்காது. உலோகத்துக்கென்று வரும் தடித்த டேக் தனியாக உண்டு. சலைன் பாட்டில் போன்ற தண்ணீர்ப் பொருளில் மூடிப் பக்கம் ஒட்டுங்கள். டேக் எந்தத் திசையில் இருந்தாலும் படிக்க, வட்ட முனைவாக்க ஆன்டெனா போடுங்கள். இறக்குமதி ரீடர் என்றால் எந்த நாட்டு அலைவரிசையில் அமைத்திருக்கிறது என்று பாருங்கள். நம் நாட்டுக்கு 865-868 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவின் 902-928-இல் ஓடவிடுவது இங்கே சட்டப்படியும் தப்பு. கேட்டுக்கு வெளியே போகும் டேக்கையும் படித்தால் பலத்தைக் குறைத்து ஆன்டெனாவை உள்பக்கம் சாயுங்கள்.

எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் தள்ளி நிற்கிறது

இது சிக்னல் கோளாறு இல்லை, வரைபடக் கோளாறு. நம் ஊரில் கொத்தனார் அடியில் சொல்வார், மென்பொருள் மீட்டரில் கேட்கும். 1 அடி 0.3048 மீட்டர். பத்து ஆங்கரில் ஒன்று அடியில் பதிந்தால் அந்த மூலை மட்டும் கோணும். எல்லாமே அடியில் பதிந்தால் கட்டடமே மூன்று மடங்குக்கு மேல் விரியும். அப்புறம், அனுமதிக்குக் கொடுத்த பிளானும் கட்டிய கட்டடமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஆங்கர் இடங்களை நீங்களே டேப் பிடித்து அளந்து பதியுங்கள்.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் கெடுகிறது

நேரத்தைக் குறித்துக்கொண்டு அந்த நேரத்தில் அங்கே போய் நில்லுங்கள். மாலையில் பார்வையாளர்கள் வந்து வார்டு நிரம்புகிறதா? கேன்டீனில் மைக்ரோவேவ் ஓடுகிறதா? அது வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில், வைஃபைக்கும் புளூடூத்துக்கும் பக்கத்திலேயே. யூஎஸ்பி 3 வயரும் ஹார்ட் டிஸ்க்கும் புளூடூத் ரிசீவரை ஒட்டி இருந்தால் அந்த இரைச்சலும் கெடுக்கும். ஒரு நீட்டிப்பு வயர் போட்டு ரிசீவரைத் தள்ளி வையுங்கள்.

ஓர் ஊழியரின் புள்ளி நாள் முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறது

அந்த இடம் லாக்கராகவோ மேசை டிராயராகவோ இருக்கும். டேக் பழுதாகவில்லை, கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இதைக் கண்டுபிடித்து அவரைத் திட்டச் சொல்லிக் கொடுக்க நான் வரவில்லை. எதற்காக இந்த டேக், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் பதிவு இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லாமலே மாட்டச் சொல்லியிருப்பார்கள். எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். கழிப்பறை, உடைமாற்றும் அறை, ஓய்வறைப் பக்கம் ரிசீவரே மாட்டாதீர்கள். அவசர நேரத்தில் உதவி கூப்பிட டேக்கில் ஒரு பட்டன் இருந்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று அவர்களையே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தனக்கும் உதவும் என்று தெரிந்தபின் டேக்கை அவர்களே மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பொருளைத் தேடுவது மட்டும்தான் தேவை என்றால் ஆளுக்கு டேக் வேண்டவே வேண்டாம். வீல்சேரில் ஒட்டினால் போதும்.

இவ்வளவுக்கும் தீரவில்லை என்றால்

விற்றவரைக் கூப்பிடும் முன் இவற்றை எடுத்துவையுங்கள்: 1 மீட்டர் சோதனையின் எண்கள், கோளாறு தெரியும்போது எல்லா ரிசீவரிலும் ஒரே நேரத்தில் வந்த வடிகட்டாத பதிவு (ஒரு மணி நேரத்துக்காவது), ஒவ்வொரு ரிசீவரும் சுற்றுப்புறத்தோடு தெரியும் போட்டோ, நீங்களே அளந்த ஆங்கர் இடங்கள் (மீட்டரில்), கடைசியாகச் சரியாக இருந்த தேதியும் அதற்குப் பிறகு கட்டடத்தில் மாறியவையும். "புள்ளி சரியில்லை" என்று மட்டும் சொன்னால் சாஃப்ட்வேரைப் புதுப்பியுங்கள் என்று சொல்லி வைத்துவிடுவார்கள். இந்த ஐந்தும் கையில் இருந்தால் எந்தச் சுவரில் எந்த ரிசீவர் என்று பேச்சு நேராக இடத்துக்கே வந்துவிடும்.